குழந்தையின் பல்லைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகளின் பல் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகின்றன. கன்னம் வீங்கிய பிறகு, இரவெல்லாம் அழுத பிறகு, புதுப்பல் கோணலாக முளைத்த பிறகு. கொஞ்சம் முன்னாலேயே கேட்டிருந்தால் பாதிப் பிரச்சினை வந்தே இருக்காது. இது ஒரு சிலரின் கவலையும் அல்ல. பால் பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகில் ஏறத்தாழ 51 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது? அதற்கு எதற்கு வைத்தியம்?

விழும். ஆனால் எப்போது விழும் என்பதில்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். ஆறேழு வயதில் முன்பல் ஆடி விழுவதைப் பார்த்ததும், மற்றவையும் அடுத்தடுத்து விழுந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். பின்னால் உள்ள பால் கடைவாய்ப் பற்கள் விழ 10 முதல் 12 வயது வரை ஆகும். மூன்று வயதில் அதில் சொத்தை விழுந்தால், அந்தக் குழந்தை இன்னும் எட்டு ஒன்பது வருடம் அந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

பால் பல்லுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. பல்லின் வெளிப்புறக் கடினமான உறையை எனாமல் என்பார்கள், பால் பல்லில் அது பெரியவர்கள் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பகுதியோ பல்லின் அளவுக்கு ரொம்பப் பெரியது. அதனால் சொத்தை மேலே தொடங்கி நரம்பைத் தொடுவதற்கு அதிகத் தூரம் இல்லை. பெரியவர்களுக்கு வருடக்கணக்கில் நடப்பது குழந்தைக்குச் சில மாதங்களில் நடந்துவிடும். ‘அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்ட பல், அடுத்த லீவு வரும்போது அடைக்க முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பால் பல்லில் சொத்தை வந்த குழந்தைக்கு நிரந்தரப் பல்லிலும் சொத்தை வரும் வாய்ப்பு அதிகம். வாயில் உள்ள கிருமிகளும் சாப்பிடும் பழக்கமும் பல் விழும்போது சேர்ந்து விழுந்துவிடுவதில்லை. புதிதாக முளைக்கும் பல் அதே வாய்க்குள்தான் வருகிறது.

சொத்தை தொடங்குவதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால். ஒன்றிரண்டு வயதுக் குழந்தையென்றால் வெளிச்சமான இடத்தில் மடியில் படுக்கவைத்து, மேலுதட்டை விரலால் தூக்கிப் பாருங்கள். மேல் முன்பற்கள் ஈறைத் தொடும் இடத்தில், சாக்பீஸால் கோடு இழுத்தது போல மங்கலான வெள்ளை நிறம் தெரிகிறதா? பல்லைச் சுத்தமான துணியால் துடைத்து உலரவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதுதான் தொடக்கம். அங்கே எனாமலிலிருந்து தாது உப்புகள் கரைந்து போயிருக்கின்றன, குழி இன்னும் விழவில்லை. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் எனாமலை வலுவாக்கும் ஃபுளோரைடு கலந்த பேஸ்ட், பல் மருத்துவர் பல்லில் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், இரவுப் பழக்கத்தில் மாற்றம் ஆகியவற்றாலேயே பல்லைத் திருப்பிக் கொண்டுவர முடியும். ஊசி வேண்டாம், ட்ரில் வேண்டாம்.

வெள்ளைக் கோடு பழுப்பாக மாறி, பல்லின் ஓரம் உதிரத் தொடங்கிவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விட்டது.

கீழ் முன்பற்கள் பளபளவென்று நன்றாக இருக்கின்றனவே என்று ஏமாந்துவிடக் கூடாது. பால் குடிக்கும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறது, உமிழ்நீரும் அங்கே நன்றாகச் சுரக்கிறது. அதனால் அவை கடைசியில்தான் பாதிக்கப்படும். மேல் முன்பல்தான் முதலில் அடிவாங்கும்.

வலியே இல்லை என்கிறாள். வலி வரும்வரை காத்திருக்கலாமா?

கூடாது. சொத்தை எனாமலில் இருக்கும்வரை வலிக்கவே வலிக்காது, அங்கே நரம்பு கிடையாது. வலி வந்துவிட்டது என்றால் சொத்தை பெரும்பாலும் உள்ளே வெகுதூரம் போயிருக்கிறது. அதைவிட மோசம், நன்றாக வலித்துக்கொண்டிருந்த பல் திடீரென்று வலிக்காமல் போவது. சரியாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதுதான் பல நேரங்களில் அதன் காரணம். கொஞ்ச நாளில் ஈறில் கொப்புளம் போல ஒன்று தெரியும், அது உடைந்து சீழ் வடியும், மறுபடி வரும்.

சின்னக் குழந்தைகளுக்கு வலியைச் சொல்லவும் தெரியாது. பிறந்ததிலிருந்தே பல் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பக்கமாகவே மெல்லுவது, கடினமானதைத் தள்ளிவிட்டு மெத்தென்று இருப்பதை மட்டும் கேட்பது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் முகம் சுளிப்பது, சாப்பாட்டை வாயிலேயே அடக்கி வைத்திருப்பது, நடுராத்திரி விழித்து அழுவது. ‘சாப்பிடப் படுத்துகிறான்’ என்று நாம் சொல்லும் சில குழந்தைகளுக்கு உண்மையில் பல் வலிக்கிறது.

பால் பல்லில் சீழ் வைத்தால், அடியில் இருக்கும் நிரந்தரப் பல்லையும் பாதிக்குமா?

பாதிக்கலாம். நிரந்தரப் பல் எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை. பால் பல்லின் வேர்களுக்கு அடியிலேயே, தாடை எலும்புக்குள் அது உருவாகிக்கொண்டிருக்கிறது. பால் கடைவாய்ப் பல்லின் வேர்கள் விரிந்து நிற்க, அவற்றுக்கு நடுவில் அடுத்த பல்லின் மொட்டு இருக்கும். அதற்கு மேலே உள்ள பால் பல்லில் சீழ் பிடித்தால் அது இறங்குவதும் அந்த இடத்துக்குத்தான்.

எனாமல் உருவாகும் காலத்தில் இந்தச் சீழ் பக்கத்திலேயே தங்கியிருந்தால், முளைத்து வரும் நிரந்தரப் பல் மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டோடு, சில நேரம் பள்ளம் விழுந்து, எனாமல் குறைபட்டு வரும். டர்னர் பல் என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர். நான்கு வயதில் ஏற்பட்ட சீழின் அடையாளம் பத்து வயதில் வெளியே தெரிகிறது. அப்போது யாருக்கும் பழைய சங்கதி நினைவிருக்காது, ‘புதுப்பல்லே கெட்டு முளைத்திருக்கிறதே’ என்று திகைப்பார்கள். எனாமல் ஒருமுறை குறையோடு உருவாகிவிட்டால் உடம்பு அதை மறுபடி கட்டித் தராது. அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுக்கத் தனிக் கவனம் வேண்டும்.

விழுந்து முன்பல்லில் அடிபடுவதும் இதே வேலையைச் செய்யும். அடிபட்ட பால் பல் கறுத்துப்போனால், வலி இல்லாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சொத்தைப் பல்லைப் பிடுங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

வலி தீரும். சில பற்களைக் காப்பாற்ற வழியே இருக்காது, எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

பால் பல், கீழே வளரும் பல்லுக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறது. கடைவாய்ப் பல்லை நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் பின்னால் உள்ள பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தில் சாயும். நகர்வதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே நடந்துவிடும். இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லை, அதற்குப் பின்னால் ஆறு வயதில் வரும் நிரந்தரக் கடைவாய்ப் பல் (ஆறு வயதுப் பல்) முளைக்கும் முன்பே இழப்பதுதான் இதில் மிக மோசமானது. அப்புறம் 11, 12 வயதில் முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமே இருக்காது. அது உள்பக்கமாகவோ கோணலாகவோ முளைக்கும், அல்லது எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு கம்பி போட வேண்டும், சிலருக்கு நல்ல பல்லையே எடுத்து இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். நெரிசலான பல்லைத் துலக்குவதும் கஷ்டம், இடுக்கில் மறுபடி சொத்தை வரும்.

இதைத் தடுக்க ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்ற சின்னக் கம்பி வளையம் இருக்கிறது. பக்கத்துப் பல்லில் மாட்டி, காலியான இடத்தை அப்படியே பிடித்து வைக்கும். பல்லை எடுக்கச் சொன்னால், ‘இடம் பிடிக்க வளையம் தேவைப்படுமா?’ என்று அங்கேயே கேளுங்கள். எல்லாப் பல்லுக்கும் தேவைப்படாது. முன்பல் போனால் பெரும்பாலும் தேவையில்லை.

ஆறு வயதில் முளைக்கும் பல்லைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

குழந்தையின் வாயிலேயே நம்மை அதிகம் ஏமாற்றும் பல் அதுதான். எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், வாயின் கோடியில் சத்தமில்லாமல் முளைக்கிறது. பல் விழவில்லையே, அப்படியானால் இதுவும் பால் பல்தான் என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என மொத்தம் நான்கு. எல்லாமே நிரந்தரப் பற்கள். போனால் அந்த இடத்தில் இன்னொன்று முளைக்காது.

முளைக்கும் பருவம்தான் அதற்கு ஆபத்தான காலம். பாதி வெளியே வந்து, பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருக்கும் மாதங்களில் பிரஷ் அதன் தலைக்கு மேலாகவே போய்வரும், பல்லைத் தொடாது. அதன் மேல்பரப்பில் உள்ள பள்ளங்களும் ஆழமானவை, பிரஷின் இழை நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. எனாமலும் முளைத்த புதிதில் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. எட்டு வயதிலேயே இந்தப் பல்லில் பெரிய குழியோடு வரும் குழந்தைகள் ஏராளம். மென்று கடிக்கும் வேலையில் பெரும்பகுதியைத் தாங்குவதும் மற்ற பற்கள் வரிசைப்படுவதற்கு அச்சாக நிற்பதும் இந்த நான்குதான் என்பதால், இதை இழப்பது வேறு எந்தப் பல்லையும் இழப்பதைவிடப் பெரிய இழப்பு.

ஐந்தரை வயதிலிருந்தே அவ்வப்போது டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள். தெரியத் தொடங்கியதும் பிரஷைக் குறுக்கே திருப்பி, கன்னத்தின் பக்கத்திலிருந்து நுழைத்துத் தேய்த்துவிடுங்கள். முழுதாக முளைத்ததும் சீலன்ட் போடச் சொல்லிக் கேளுங்கள். பள்ளங்களை மெல்லிய பூச்சால் மூடுவதுதான் அது. வலிக்காது, சில நிமிட வேலை.

பல்லோடு போய்விடுமா, உடம்பையும் பாதிக்குமா?

தூக்கம்தான் முதலில் கெடும். இரவு படுத்ததும் வலி கூடும். தூங்காத குழந்தை காலையில் எரிச்சலோடு எழும், பள்ளியில் கவனம் இருக்காது, ஆசிரியர் துறுதுறுப்பு என்றோ சோம்பல் என்றோ நினைத்துக்கொள்வார். கடுமையான சொத்தை உள்ள சிறு குழந்தைகளில் பலர் வயதுக்கேற்ற எடை இல்லாமல் இருப்பதும், பல்லுக்கு வைத்தியம் முடிந்த பிறகு எடை கூடுவதும் மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன.

முன்பற்கள் கரைந்துபோன குழந்தை சிரிக்கும்போது கையால் வாயை மூடும் பழக்கம் வந்துவிடும். போட்டோ எடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்ளும். மற்ற குழந்தைகள் கேலி செய்ய, வகுப்பில் வாய் திறந்து பேசுவதே குறையும். பல் மாறிய பிறகும் அந்தக் கூச்சம் உடனே போய்விடுவதில்லை. எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாத பாதிப்பு இது, இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பிற்காலத்தில் இதயநோய் வரும் என்கிறார்களே?

இதில் நிதானமாகப் பேச வேண்டும். பின்லாந்தில் 1980இல் 6, 9, 12 வயதுக் குழந்தைகளின் வாயைப் பரிசோதித்துவிட்டு, அவர்களை 27 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சிறுவயதில் சொத்தையும் ஈறு நோயும் இருந்தவர்களுக்கு, வளர்ந்த பிறகு கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடித்திருப்பது அதிகமாகக் காணப்பட்டது. 2019இல் வெளிவந்த இந்த ஆய்வு ஒரு தொடர்பைக் காட்டுகிறது. சொத்தைதான் அதற்குக் காரணம் என்று நிரூபிக்கவில்லை.

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைகள் விஷயம் வேறு. வாயில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தின் உள்சுவரில் தொற்றிக்கொள்ளும் ஆபத்து அவர்களில் சிலருக்கு நிஜமாகவே இருக்கிறது. அவர்களுக்குப் பல் பராமரிப்பு என்பது இதய வைத்தியத்தின் ஒரு பகுதி. பல் மருத்துவரிடம் போனால் இதயக் கோளாறை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொத்தையால் உயிருக்கு ஆபத்து உண்டா?

அபூர்வம், ஆனால் உண்டு. 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வைத்தியம் செய்யாத பல்லில் உண்டான சீழின் கிருமி மூளைக்குப் பரவிவிட்டது. பல்லை எடுத்திருந்தாலே தப்பியிருப்பான்.

கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், வீக்கம் கண்ணை நோக்கி ஏறினால், தாடைக்கு அடியிலோ கழுத்திலோ இறங்கினால், வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால், குழந்தை சோர்ந்து கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

ஆன்டிபயாடிக் கொடுத்தால் வீக்கம் வற்றிவிடுகிறதே?

வற்றும், திரும்பவும் வரும். செத்துப்போன நரம்புக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே போய்ச் சேராது. சீழின் ஊற்று பல்லுக்குள்ளேயே இருக்கிறது. பல்லுக்கு வைத்தியம் செய்யாமல் மருந்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பயனில்லை. போன முறை எழுதிக்கொடுத்த மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

வளர்ந்த பிறகு ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஈடுகட்ட முடியாதா?

ஓரளவுக்குத்தான். நியூசிலாந்தின் டுனேடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். வசதி குறைந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 26 வயதில் பல் மோசமாக இருந்தது. அவர்களில் பிறகு நல்ல நிலைக்கு வந்தவர்களுக்கும் அந்தப் பழைய பாதிப்பு மறைந்துவிடவில்லை.

காரணம் புரிந்துகொள்ள எளிது. நிரந்தரப் பல்லை ஒருமுறை அடைத்துவிட்டால் அந்த அடைப்பு ஆயுசுக்கும் நிற்பதில்லை. சில வருடம் கழித்து ஓரத்தில் கசியும், மறுபடி அடைக்க இன்னும் கொஞ்சம் பல்லைக் குடைய வேண்டும். அடுத்தது ரூட் கெனால், அப்புறம் கேப், ஒருநாள் பல்லையே எடுப்பது. எட்டு வயதில் முதல் அடைப்பு என்றால் இந்த வரிசை எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

பயமும் ஒரு நீண்டகால பாதிப்புதான். முதல்முறை பல் மருத்துவரைப் பார்ப்பதே தாங்க முடியாத வலியோடு, வீக்கத்தோடு, பிடித்து அமுக்கிப் பல்லைப் பிடுங்கும் நாளாக இருந்தால், அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவரான பிறகும் வாயைக் காட்டப் பயப்படும். பயத்தால் தள்ளிப்போட, நோய் முற்ற, மறுபடி வலியோடு போக, பயம் இன்னும் கூடும். அதனால்தான் முதல் பல் முளைத்ததும், எப்படியும் ஒரு வயதுக்குள், எந்தப் பிரச்சினையும் இல்லாதபோதே ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறோம். ‘ஒழுங்காகப் பல் தேய்க்காவிட்டால் டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்வேன்’ என்று தயவுசெய்து மிரட்டாதீர்கள்.

எங்கள் குடும்பத்திலேயே எல்லோருக்கும் பல் மோசம். பரம்பரையோ?

எனாமலின் தரத்தில் பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. ஆனால் ஒரே வீட்டில் ஒரே மாதிரிச் சொத்தை வருவதற்கு, ஒரே சாப்பாட்டுப் பழக்கமும் ஒரே கிருமிகளும் பெரிய காரணம். அம்மாவின் வாயில் உள்ள கிருமி எச்சில் வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அம்மா தன் சொத்தையைச் சரிசெய்துகொள்வதும் குழந்தைக்கான வைத்தியம்தான்.

தினமும் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், இரவுப் பல் துலக்கலைச் சொல்வேன். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும், வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலத்தைக் கழுவிவிட ஆளில்லை. துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காதீர்கள். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவைப்பது வேண்டவே வேண்டாம்.

ஃபுளோரைடு குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) உள்ள பேஸ்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வயதுவரை அரிசி மணி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் குழந்தை அதை விழுங்கிவிடும், வளரும் நிரந்தரப் பல்லில் வெள்ளைத் திட்டு விழும். குடிநீரில் இயற்கையாகவே ஃபுளோரைடு மிகுந்த இடமென்றால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். துலக்கியதும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், பல்லில் படிந்த ஃபுளோரைடு அப்படியே இருக்கட்டும்.

ஏழு எட்டு வயதுவரை நீங்கள்தான் துலக்கிவிட வேண்டும். அவனே தேய்த்துக்கொள்கிறான் என்று பெருமைப்படலாம், ஆனால் அவன் தேய்த்த பிறகு நீங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

இனிப்பில் எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பது முக்கியம். ஒவ்வொரு முறை சாப்பிட்டதும் வாயில் அமிலம் ஏறி, உமிழ்நீர் அதைத் தணிக்க அரைமணி நேரம்போல ஆகும். ஒரு ஜூஸ் டப்பாவை மத்தியானம் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கும் குழந்தையின் பல் மத்தியானம் முழுக்க அமிலத்தில் ஊறுகிறது. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் பாதிப்புக் குறையும். நாள்பட்ட நோய்க்காகத் தினமும் சிரப் குடிக்கும் குழந்தையென்றால் சர்க்கரை இல்லாத வகை கிடைக்குமா என்று கேளுங்கள்.

ட்ரில் இல்லாமல் வைத்தியமே கிடையாதா?

இருக்கிறது. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவினால் சொத்தை பரவாமல் நிற்கும். தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், அதைச் சொல்லிவிட்டுத்தான் தடவுவார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அடம்பிடிக்கும் சிறு குழந்தைக்கு இது பெரிய வரம்.

இன்னொன்று, ஸ்காட்லாந்தின் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரால் வழங்கும் முறை. சொத்தையைக் குடையாமலேயே, பால் கடைவாய்ப் பல்லின் மேல் ஸ்டீல் கேப் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது, சொத்தை அப்படியே அடங்கிவிடும். நரம்பு கெட்டுப்போன பல்லுக்கு இரண்டும் உதவாது.

குழந்தைக்கு 11 வயது ஆகிவிட்டது, இதுவரை காட்டியதே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை விட்டுவிட்டு நேரம் வாங்குங்கள். பணம், தூரம், வேலை என்று தாமதத்துக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். உங்களைக் கண்டிப்பது மருத்துவரின் வேலை இல்லை, கண்டித்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் வலியும் சீழும் உள்ள பல். அடுத்து அந்த நான்கு ஆறு வயதுப் பற்கள். அவற்றுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, காப்பாற்ற முடிந்ததையெல்லாம் காப்பாற்றச் சொல்லுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பால் பல்லுக்குச் செலவு செய்ய வேண்டாம், விழட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டியதும் இல்லை, பயந்த குழந்தையென்றால் முதல் நாள் வெறும் சுத்தம் செய்வதோடு அனுப்பிவிடலாம்.

12 வயதை ஒட்டி, ஆறு வயதுப் பல்லுக்குப் பின்னால் இன்னும் நான்கு நிரந்தரப் பற்கள் முளைக்கும். அவை இன்னும் ஈறுக்குள்தான் இருக்கின்றன, ஒரு சொத்தையும் படாதவை. அவை வெளியே வந்ததும் சீலன்ட் போட ஒரு தேதியை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.